குடல் அழற்சி: மறைக்க வேண்டிய நோயன்று!

நோய்களில் சொல்லக்கூடியவை என்றும், சொல்லக் கூசுபவை என்றும் இரு வகைகளை நாமே ஏற்படுத்தி வைத்திருக்கின்றோம். தலைவலியையும் மூட்டுவலியையும் பற்றி அண்டை வீட்டாரிடம் மணிக்கணக்கில் பேசுவோம். ஆனால், நாளொன்றுக்குப் பத்துத் தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருப்பதையும், மலத்தோடு இரத்தமும் சளியும் வெளியேறுவதையும் பெற்ற தாயிடம் கூறவும் நாக்கு எழுவதில்லை. அதிலும் கூறவேண்டியவள் மணவயதுப் பெண்ணாக இருந்துவிட்டால், அந்த வீட்டின் மௌனம் இன்னும் கனத்துவிடுகின்றது.

அன்பார்ந்த வாசக சகோதர சகோதரிகளே! அந்த மௌனத்தைக் கலைப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. குடல் அழற்சி நோய் இன்று நம் நாட்டில் பெருகி வருகின்றது. அதனை முழுமையாக வேரறுக்கும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை என்றாலும், கட்டுப்படுத்தி நல்வாழ்வு வாழ வழியுண்டு. அந்த வழியைத் தேடும் ஆராய்ச்சியில் நம் தமிழகத்திற்கு, குறிப்பாகச் செங்கற்பட்டு மண்ணுக்கு, ஒரு தொடர்பு இருப்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

இரு நோய்கள், ஒரு குடும்பம்

குடல் அழற்சி நோய் என்பது இரண்டு நோய்களுக்குரிய பொதுப்பெயராகும். முதலாவது, 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' எனப்படும் பெருங்குடற் புண் அழற்சி. இது மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்புறத் தோலை மட்டும் பற்றுகின்றது. லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859-ஆம் ஆண்டிலேயே இதனைப் பற்றி எழுதியுள்ளார். இரண்டாவது, 'குரோன்' நோய். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1932-இல் இதனை விவரித்து எழுதியமையால் இப்பெயர் வந்தது. இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தையும் தாக்கலாம். ஓரிடத்தைப் பற்றி, ஓரிடத்தை விட்டு, குடற்சுவரின் முழுக் கனத்தையும் துளைத்துச் செல்லும் இயல்புடையது. குடலைச் சுருக்கி அடைப்பை உண்டாக்குவதும், ஆசனவாய் அருகே பவுத்திரத்தைத் தோற்றுவிப்பதும் இதன் குணங்கள்.

இந்நோய்கள் ஏன் வருகின்றன? நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. நண்பன் யார், பகைவன் யார் எனப் பிரித்தறியும் ஆற்றலை வல்ல நாயன் நம் உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அளித்துள்ளான். அந்தப் பிரித்தறியும் ஆற்றல் தடுமாறும்போது, காவலாளியே வீட்டைக் கொளுத்தத் தொடங்குகிறான். குடற்சுவர் வீங்கிச் சிவந்து புண்ணாகின்றது. இத்தடுமாற்றத்திற்கு மரபணு ஒரு காரணம். உணவும் சூழலும் மற்றொரு காரணம். இவ்விரண்டில் ஒன்று மட்டும் தனித்து நின்று நோயை உண்டாக்குவது அரிது.

செங்கற்பட்டு மண்ணின் கதை

செங்கற்பட்டு என்றவுடன் பாலாறும் ஏரியும் நினைவுக்கு வரும். கடற்கரைப் பக்கம் சென்றால், தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா அமைந்த கோவளம், கற்கோயில்களின் மாமல்லபுரம், டச்சுக்காரரின் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம் என ஊர்கள் வரிசையாக வரும். ஆனால், உலக மருத்துவ நூல்களில் செங்கற்பட்டின் பெயர் வேறொரு காரணத்திற்காகப் பதிவாகியுள்ளது. அது காசநோய்.

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் வலிமையை அறிய, 1968-ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மாபெரும் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. இன்றைய திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராமங்களும் ஊர்களும் அதில் அடங்கின. சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் மக்கள் பதிவு செய்யப்பட்டு, அவர்களுள் ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு உண்மையான தடுப்பூசி. சிலருக்கு மருந்தற்ற ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் அம்மக்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். முடிவு உலகையே திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை!

இதனைப் படித்துவிட்டுக் குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. தேவையில்லை என எவரும் எண்ணிவிட வேண்டாம். பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களிலிருந்து அது காப்பளிக்கின்றது. ஆகவேதான் பிறந்தவுடன் போடப்படுகின்றது.

குடல் அழற்சியைப் பற்றிய கட்டுரையில் காசநோய் எதற்கு எனக் கேட்பீர்கள். காரணம் உண்டு. இம்மண்ணில் காசநோய்க் கிருமி எத்துணை பரவலாக உள்ளது என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. வளர்ந்தவர்களுள் பெரும் பகுதியினர் தம்மை அறியாமலேயே அக்கிருமியை உடலில் தாங்கியவர்களாக இருந்தனர். அக்கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. குடலிலும் தங்கும். அங்குத் தங்கும்போது அது குரோன் நோயைப் போலவே வேடமிடுகின்றது.

இரட்டையர் போன்ற இரு நோய்கள்

குடற் காசநோய்க்கும் குரோன் நோய்க்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் வலப்புற அடிவயிற்றையே பெரிதும் நாடுகின்றன. வயிற்றுவலி, காய்ச்சல், மெலிவு, பேதி, குடலடைப்பு ஆகியவை இரண்டிலும் காணப்படும். குடலின் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டிலும் 'கிரானுலோமா' எனும் ஒருவகை அணுத்திரள் தென்படும்.

ஆனால், சிகிச்சையோ நேர் எதிரானது! காசநோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டும். குரோன் நோய்க்கோ உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். காசநோயாளிக்குத் தவறாக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும். குரோன் நோயாளிக்குக் காசநோய் மாத்திரைகளையே திரும்பத் திரும்பக் கொடுத்தால், நோய் உள்ளுக்குள் முற்றிக் குடல் சுருங்கிவிடும்.

மேலைநாட்டு மருத்துவர்களுக்கு இச்சிக்கல் அரிது. அங்கே காசநோய் குறைவு. நம் மருத்துவர்களுக்கோ இது அன்றாடச் சிக்கல். ஆகவே இதற்கான விடையையும் நம்மவர்களே தேட வேண்டியதாயிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இரு நோயாளிகளின் குடல் துணுக்குகளையும் ஒப்பிட்டு 1999-இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். காசநோயில் அணுத்திரள்கள் பெரியவையாகவும் ஒன்றோடொன்று இணைந்தும், நடுவில் பாலாடை போல் சிதைந்தும் இருக்கும். குரோன் நோயில் அவை சிறியவையாகவும் தனித்தனியாகவும் இருக்கும் என்பன போன்ற அடையாளங்கள் அதனால் தெளிவாயின.

மற்றொரு பணியும் தமிழகத்தில் நடந்தது. சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்டு, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழும் நிலையம், வயிற்றுக் காசநோய்க்குக் குறுகிய காலச் சிகிச்சையே போதும் என்பதை ஆய்ந்து, ஐந்தாண்டுக் கண்காணிப்பு முடிவுகளை 1997-இல் வெளியிட்டது. ஆறு மாதச் சிகிச்சை என்பது இன்று நிலைபெற்ற முறையாகும்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? ஐயம் தீராத நிலையில் மருத்துவர் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அது தவறன்று. ஆனால், இரண்டு மாதங்களிலும் ஆறாவது மாத முடிவிலும் குடலை மீண்டும் உள்நோக்கிக் கருவியால் பார்த்துப் புண் ஆறியுள்ளதா என உறுதி செய்ய வேண்டும். வலி சற்றுக் குறைந்தாலே ஆறிவிட்டது எனக் கருதக்கூடாது. ஆறு மாதம் முடிந்தும் புண் ஆறாதபோது, மருந்தை உணர்த்தும் சக்தியற்ற கிருமியா, அல்லது இது குரோன் நோயேயா என்று தீர விசாரிக்க வேண்டும். 'இன்னும் மூன்று மாதம், இன்னும் மூன்று மாதம்' என நாட்களைக் கடத்துவது நோயாளிக்குச் செய்யும் அநீதியாகும்.

மரபணு சொல்வது என்ன?

2001-ஆம் ஆண்டில் மரபணு ஆராய்ச்சியில் ஒரு கதவு திறந்தது. 'நாட்-2' எனும் மரபணுவில் உள்ள மாற்றங்கள் குரோன் நோய்க்கு வழிவகுப்பதைப் பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டறிந்தனர். உயிரணுவுக்குள் நுழையும் கிருமியின் தோல் துணுக்கை மோப்பம் பிடிக்கும் காவல் நாயைப் போன்றது இம்மரபணு. அது பழுதானால் காவல் குலைகின்றது. ஐரோப்பிய குரோன் நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றிலொருவரிடம் இந்த மாற்றங்களில் ஒன்றேனும் காணப்பட்டது.

இதனை நம் மக்களிடமும் தேடினார்கள். வேலூர் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள அந்த மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் காணப்படவில்லை! நோய் ஒன்றுதான், ஆனால் அதற்குச் செல்லும் மரபு வழி வேறு. பெருங்குடற் புண் அழற்சி பற்றி வட இந்திய மக்களிடம் நடத்தப்பட்ட முழுமரபணு ஆய்வு 2015-இல் வெளிவந்தபோதும், சில பகுதிகள் ஐரோப்பியருடன் ஒத்தும், சில நமக்கே உரியவையாகவும் இருப்பது தெரிந்தது. எனவே மேலைநாட்டாருக்கென அமைத்த மரபணுப் பரிசோதனைப் பட்டியலைப் பணம் கொடுத்து இங்கே செய்துகொண்டு, 'எனக்கு வராது' என மகிழ்வதும், 'எனக்கு வந்துவிடும்' எனக் கலங்குவதும் வீண்.

இவ்விடத்தில் செங்கற்பட்டு மீண்டும் வருகின்றது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கிய தொழுநோய் இல்லம், 1955-இல் மத்திய அரசின் நிறுவனமாயிற்று. தொழுநோய்க் கிருமியும் காசநோய்க் கிருமியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. 2009-இல் சீன ஆய்வாளர்கள் தொழுநோய்க்கு ஆளாகும் மரபணுக்களைத் தேடியபோது, அவற்றுள் அதே 'நாட்-2' உட்படக் குரோன் நோயுடன் தொடர்புடைய சில மரபணுக்கள் வந்து நின்றன! 2012-இல் உலக ஆய்வாளர்கள் பலர் கூடிக் குடல் அழற்சியோடு தொடர்புடைய 163 மரபணுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோதும், தொழுநோய், காசநோய் போன்றவற்றை எதிர்க்கும் மரபணுக்களோடு அவை பெரிதும் ஒன்றுபட்டிருந்தன. அப்பட்டியல் பின்னர் இருநூற்றைக் கடந்துவிட்டது.

இதிலிருந்து ஆய்வாளர்கள் ஊகிப்பது யாதெனில், பன்னெடுங்காலமாகக் கொடிய கிருமிகளை எதிர்த்துப் போராட நம் முன்னோருக்கு உதவிய மரபணுக்களே, சூழல் மாறிய இக்காலத்தில் சிலருடைய குடலைத் தாக்கும் ஆயுதமாக மாறியிருக்கலாம் என்பதே. படைத்தவனின் நுட்பத்தை எண்ணி நெஞ்சம் பணிகின்றது!

சூழல் மாறினால் நோய் மாறும்

மரபணு மட்டுமே காரணமாயின், ஒரு தலைமுறைக்குள் நோய் பெருக முடியாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தென்னாசிய மக்களிடையே பெருங்குடற் புண் அழற்சி அந்நாட்டு வெள்ளையரை விட மிகுதியாகக் காணப்பட்டதை 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டிலும் லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து, லட்சத்துக்கு 44 பேர் அளவில் இந்நோய் உள்ளதென 2003-இல் அறிவித்தனர். 'இது வெள்ளைக்காரன் நோய்' என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடற்கரையைச் சற்று எண்ணிப்பாருங்கள். மீன்குழம்பும் சோறும் கேழ்வரகுக் கூழும் உண்டு வளர்ந்த தலைமுறை ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையின் உணவகங்களில் புரோட்டாவும் பொரித்த கோழியும், பொட்டலத் தின்பண்டங்களும் குளிர்பானமும் உண்டு வளரும் தலைமுறை மற்றொன்று. நார்ச்சத்து குறைந்து, ஆலையில் பதப்படுத்திய உணவு மிகுதியாவதும், தேவையின்றி ஆன்டிபயாடிக் மருந்துகளை விழுங்குவதும் குடலின் நுண்ணுயிர்களைக் குலைப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். புகைபிடித்தல் குரோன் நோயைக் கடுமையாக்கும் என்பதில் ஐயமே இல்லை.

நம் பாட்டிமார் போற்றிய பழைய சோறு இன்று ஆய்வுக்கூடத்திற்குச் சென்றுள்ளது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைத் துறையினர், தமிழக அரசின் நிதியுதவியுடன், குடல் அழற்சியாளருக்கு அதனால் விளையும் பயனை ஆராயும் பணியை மேற்கொண்டனர். நீரில் ஊறிய சோற்றில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும், எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தும் இருக்கின்றன. ஆயினும் பழைய சோறு உணவே, மருந்துக்கு மாற்றன்று. 'சோற்றிலேயே சரியாகிவிடும்' என எண்ணி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

மருந்துகள் வளர்ந்த கதை

ஸ்வீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டுவாத நோய்க்காக உருவாக்கிய 'சல்ஃபாசலசீன்', பெருங்குடற் புண்ணையும் ஆற்றுவதை 1940-களில் எடுத்துரைத்தார். அதன் வழித்தோன்றலான 'மெசலமின்' இன்றும் முதன்மை மருந்தாக உள்ளது. நோய் கொந்தளிக்கும்போது ஸ்டீராய்டு தீயை அணைக்கும். ஆனால் அது நெடுநாள் உண்ணத்தக்கதன்று. நீண்டகாலக் கட்டுப்பாட்டிற்கு 'அசத்தயோபிரின்' பயன்படுகின்றது.

அசத்தயோபிரின் பற்றி மரபணு ஆராய்ச்சி தந்த நேரடிப் பயன் ஒன்றைக் கட்டாயம் அறிந்துகொள்ளுங்கள். அம்மருந்தை உண்ட சிலருக்கு வெள்ளணுக்கள் திடீரெனச் சரிந்து, முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து, உயிருக்கே ஆபத்து நேரிட்டது. மேலைநாடுகளில் இதற்குக் காரணமான மரபணு ஒன்று முன்பே தெரியும். ஆனால் ஆசியரிடம் அது அரிதாயிருக்க, ஆபத்து மட்டும் மிகுதியாயிருந்தது. 2014-இல் கொரிய நாட்டு ஆய்வாளர்கள் 'நட்-15' எனும் மற்றொரு மரபணுவின் மாற்றமே காரணம் எனக் கண்டனர். தென்னாசியர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அம்மாற்றத்தைத் தாங்கியுள்ளனர். ஓர் இரத்தப் பரிசோதனை இதனைக் காட்டிவிடும். ஆகவே இம்மருந்தைத் தொடங்குமுன் அப்பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்கியபின் முதல் சில வாரங்கள் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாது பார்த்துக்கொள்ளுங்கள்.

1998-இல் 'இன்ஃப்ளிக்ஸிமாப்' எனும் ஊசி மருந்து அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைக் குறிவைத்து அது கட்டிப்போடுகின்றது. ஆனால், அதே புரதம்தான் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறையிலடைத்து வைத்திருப்பது! சிறைக்கதவு திறந்ததும் கிருமி வெளியேறிய நிகழ்வுகள் 2001-இல் வெளிச்சத்திற்கு வந்தன. அதனால் இவ்வூசிக்கு முன்னர் மார்புப் படமும், உறங்கும் காசநோயைக் காட்டும் பரிசோதனையும் இன்றியமையாதவை. நம் மண்ணில் இதனைத் தவிர்ப்பது தெரிந்தே தீயில் கைவைப்பதாகும். இவ்வகை மருந்துகளின் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. 2014 டிசம்பரில் 'அடாலிமுமாப்' என்ற மருந்தின் நிகர் வடிவத்தை உலகிலேயே முதன்முதலாக அகமதாபாத்தின் ஸைடஸ் நிறுவனம் வெளியிட்டபின் விலை குறையத் தொடங்கியது.

ஆராய்ச்சி ஓயவில்லை. 2024 ஜூனில் லண்டனின் பிரான்சிஸ் கிரிக் ஆய்வகத்தினர், 21-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி அழற்சியின் தலைமைப் பொத்தானாக இயங்குவதைக் கண்டறிந்து அறிவித்தனர். அதனை அடக்கும் மருந்து நோயாளியின் கைக்கு வர இன்னும் காலம் ஆகும். எனினும், காரணத்தை நோக்கி அறிவு நகர்கின்றது என்பதே நம்பிக்கையளிக்கும் செய்தி.

நம் வீடுகளில் எழும் வினாக்கள்

"நோன்பு நோற்கலாமா?" நோய் அடங்கியிருக்கும்போது மருத்துவரின் ஆலோசனையோடு நோற்பவர் பலர். மாத்திரை வேளைகளை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றியமைக்க முடியுமா என ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். நோய் கொந்தளிக்கும்போதும், ஸ்டீராய்டு உண்ணும்போதும், குடலை வயிற்றின்மேல் திறந்துவைத்த நிலையிலும் உடலின் நீரும் உப்பும் விரைந்து குறையும். அப்போது நோன்பு வைத்துத் தன்னை வருத்திக்கொள்வது மார்க்கம் கேட்காத ஒன்று. திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில், நோன்பைக் கடமையாக்கிய வசனங்களிலேயே நோயாளிக்கான சலுகையும் சேர்த்தே அருளப்பட்டுள்ளது. பின்னர் களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். சலுகையைப் பெற்றவரை 'நோன்பு பிடிக்காதவர்' எனக் குத்திப் பேசுவோர் இறைவனுக்கு அஞ்ச வேண்டும்.

"வயிற்றில் பை பொருத்தியவர் தொழலாமா?" தொழலாம், தொழ வேண்டும். தொடர்ந்து கழிவு வெளியேறும் நிலையில் உள்ளவருக்குரிய ஒளுவின் சட்டங்கள் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபு நூல்களிலும் விரிவாக உள்ளன. அறுவைக்குப்பின் கூச்சத்தால் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிடும் சகோதரர்களை ஜமாஅத்தினர் தேடிச்சென்று அழைத்துவர வேண்டும்.

"திருமணம் செய்யலாமா? குழந்தைக்கு வருமா?" இதுவே பல வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கும் வினா. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், நூறு குழந்தைகளுள் ஒருசிலருக்கே அது வருகின்றது, மற்றவர்களுக்கு வருவதில்லை. ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையரில் ஒருவருக்குக் குரோன் நோய் வந்தாலும் மற்றவருக்கு வராமற் போவதுண்டு. ஆகவே, 'பரம்பரை நோய்' என்று கூறிப் பெண்ணை ஒதுக்குவது அறிவுக்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது. அதேவேளை, நோயை மறைத்து நிக்காஹ் முடிப்பதும் தகாது. மறைத்துச் சென்ற பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து வைக்கிறாள். ஒளிக்க இயலாதபோது நிறுத்திவிடுகிறாள். நிறுத்தியபின் நோய் சீறி எழுகின்றது. உண்மையைக் கூறி, ஏற்றுக்கொள்ளும் இடத்தில் மணமுடிப்பதே இருவருக்கும் பாதுகாப்பு.

நோய் அடங்கிய காலத்தில் கருவுறுவது நலம். மெசலமின், அசத்தயோபிரின் போன்றவற்றை மருத்துவரின் மேற்பார்வையில் பெரும்பாலும் தொடரலாம். 'மெத்தோட்ரெக்ஸேட்' மட்டும் கருவுறுவதற்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்தப்பட வேண்டும். சல்ஃபாசலசீன் உண்ணும் ஆண்களுக்கு விந்தணு குறையலாம். மருந்தை மாற்றினால் அது சரியாகிவிடும். குழந்தையில்லை என மனைவியைக் குறைகூறுமுன் கணவர் தம் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொள்வாராக!

நெருங்கிய உறவில் மணமுடிப்போர் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்க. பிறந்த சில மாதங்களிலேயே கடும் குடல் அழற்சிக்கு ஆளாகும் அரிய குழந்தைகள் உள்ளனர். ஒரே மரபணுவின் பழுதால் இது நேரிடுவதை 2009-இல் ஆய்வாளர்கள் நிறுவினர். அக்குழந்தைகளின் பெற்றோர் இரத்த உறவினர். பெரியவர்களுக்கு வரும் வழக்கமான நோய் இவ்வகையைச் சேர்ந்ததன்று. குடும்பத்தில் அத்தகைய குழந்தை பிறந்திருந்தால், மீண்டும் அதே உறவில் சம்பந்தம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

கவனத்தில் கொள்க

1. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் பேதி, மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமற்ற மெலிவு ஆகியவற்றை 'மூலம்' என்றோ 'சூடு' என்றோ தள்ளிவிடாதீர்கள். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சென்னையின் அரசு மருத்துவமனைகளில் உள்ள குடல் நோய்ப் பிரிவிலோ காட்டுங்கள்.

2. குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராமல், இரத்த சோகையோடு இருந்தால் குடலையும் நினைத்துப் பாருங்கள். மலத்தில் 'கால்புரோடெக்டின்' அளவைப் பார்ப்பது எளிய முதற்படி.

3. நலமாகிவிட்டது என மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளைத் தவிர்த்திடுங்கள். அவற்றுள் பல குடற்புண்ணைக் கிளறிவிடும்.

4. பெருங்குடல் அழற்சி தொடங்கி 8 ஆண்டுகள் கடந்தவர்கள், புற்றுநோய்க்கான அறிகுறியை முன்னதாகவே காண, மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

5. வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ கணவரோ இந்நோயுடையவராயின், மருந்துச் சீட்டும் நோய்க்குறிப்பும் அவர் கையில் எப்போதும் இருக்கட்டும்.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு வழிகாட்டியுள்ளார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கையேந்துவோம், அதே கையால் மாத்திரையையும் எடுத்து விழுங்குவோம். இன்று இரவே உங்கள் வீட்டில் மெலிந்துவரும் மகளை, அடிக்கடி கழிப்பறை செல்லும் மருமகளை, உணவைக் கண்டு அஞ்சும் மகனைத் தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்குவது உங்கள் கேள்விக்காகவே காத்திருக்கலாம்.

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.